ஜன்னா போட்ட கறுப்பு மருதாணி

ஜன்னா எழுதுவது வலது கையால், மருதாணி போடுவது இடது கையால். இடது கையால் அடுத்தவர் கையைத் தொடுவது நன்றாயில்லை என்று உறவுக்காரி ஒருத்தி முகம் சுளித்தபோது, "கண்ண மூடிக்கினு உக்காருங்க மாமி, எந்தக் கைன்னே தெரியாது" என்றாளாம். அப்போது அவளுக்குப் பத்து வயது. இப்போது பதினாறு. வாய் மட்டும் அதேதான்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் அவள் அத்தா நூர்முகமது ஃபேன்சி ஸ்டோர் நடத்துகிறார். வளையல், ரிப்பன், பொட்டு, தலைச்சாயம் எல்லாம் கிடைக்கும். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை. அந்த அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். படுத்துவிட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். அதற்கென்று பயிற்சி எடுத்தவள். பகலில் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒரு வீட்டுக்குப் போகிறேன். அங்கே வெங்கடேசன் என்ற பெரியவருக்குப் பக்கவாதம். மகன் ஆராய்ச்சி மையத்தில் வேலை செய்கிறார். மருமகள் ரோகிணி. அவர்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பேத்தி ஹரிப்ரியாவும் எங்கள் ஜன்னாவும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இரண்டு வீட்டுக்கும் நான் போய்வருவதால் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்.

ஜன்னா கடையில் விற்கும் மருதாணிக் கோன் வாங்க மாட்டாள். பின்கட்டில் உள்ள மருதாணிச் செடியில் இலை பறித்து, நிழலில் காயவைத்து, அரைத்து, பழைய துப்பட்டாவில் சலிப்பாள். டீத்தண்ணீர், எலுமிச்சம்பழம், சர்க்கரை, நாலு சொட்டு நீலகிரித் தைலம். பெருநாளுக்கு முந்தின நாள் தெருப் பெண்கள் எல்லாம் எங்கள் பின்கட்டில்தான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் அவள் அம்மா ஜஹனாரா போன் வாங்கித் தந்தாள். ஒரே ஒரு நிபந்தனை.

"மூஞ்சி மட்டும் வெளிய போவக் கூடாது. மத்தபடி இன்னா வேணா போட்டுக்க."

அதனால் ஜன்னா இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, அதில் மருதாணி போட்ட கைகளைப் போட்டாள். தன் கையில் தானே போட்டுப் படமெடுப்பது கஷ்டம். ஹரிப்ரியாவின் கை கிடைத்தது. நீண்ட விரல்கள், வெளிர் நிறம். ஞாயிறுதோறும் அவள் வருவாள், ஜன்னா போடுவாள், இருவரும் மாறி மாறிப் போனைப் பிடித்துப் படம் எடுப்பார்கள். பக்கத்தின் பெயர் ஜன்னாவுடையது. அதில் வந்த கை முழுக்க ஹரிப்ரியாவுடையது. பாராட்டு வந்தால் அது யாருக்கு என்று முதலில் இருவருமே யோசிக்கவில்லை.

பிறகு யோசித்தார்கள். ஒரு நாள் நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஹரிப்ரியா போனைப் பார்த்து உரக்கப் படித்தாள்.

"இந்தக் கைக்கு எதப் போட்டாலும் அழகுதானாம். எப்படி?"

"அப்ப சேத்த அள்ளிப் பூசிக்க. எனக்கு வேல மிச்சம்" என்றாள் ஜன்னா.

"பொறாமடி உனக்கு."

"உன் கை மேலயா? ஒரு கிளாஸு கழுவாத கை அது."

சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். ஆனால் அன்று போட்ட மாங்காய்க் கொடியை ஜன்னா பாதியிலேயே முடித்துவிட்டாள்.

காய்ச்சல்காரர்கள் வெப்பமானியைப் பார்ப்பது போல இருவரும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறினால் அன்றைக்குப் பசிக்கும். இறங்கினால் பசிக்காது. ஹரிப்ரியா நகத்துக்கு எண்ணெய் தடவ ஆரம்பித்தாள். வெயிலில் கையை நீட்ட மாட்டேன் என்று சைக்கிளை விட்டாள். ஜன்னா மற்றவர்களின் பக்கங்களைப் பார்த்துத் தன் கோடுகளை அழித்து அழித்துப் போட்டாள்.

அப்போதுதான் பொத்தேரிப் பக்கம் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணின் பக்கம் அவள் கண்ணில் பட்டது. கோடுகள் சுமார்தான், நானே பார்த்தேன். ஆனால் நிறம் கன்னங்கரேல் என்றிருந்தது. கழுவிய உடனே அப்படி. இலை மருதாணி அப்படி வராது. கழுவும்போது ஆரஞ்சு நிறம்தான் இருக்கும், இரண்டு நாள் கழித்துத்தான் கருஞ்சிவப்பாகும். பெருநாளுக்குப் போட்டுக்கொள்கிற பெண்களுக்கு இது தெரியும், காத்திருப்பார்கள். போனில் பார்ப்பவர்கள் காத்திருப்பார்களா? "கலரே வரல", "கேரட் ஜூஸ் மாதிரி கீது" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள்.

மாமல்லபுரம் கடற்கரையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அரைமணி நேரத்தில் கறுப்பாக வரைந்து தருபவர்களை ஜன்னா பார்த்திருக்கிறாள். அவர்கள் எதைக் கலக்கிறார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். அந்தப் பொடி அத்தாவின் கடையிலேயே சரம் சரமாகத் தொங்குகிறது. தலைமயிருக்கு அடிக்கும் கறுப்புச் சாயம்.

ஒரு சனிக்கிழமை துவைகல்லின் மேல் ஒரு கிண்ணம் உள்ளே கறுத்துக் கிடந்தது. நூர்முகமது தாடிக்கு அடித்திருக்கிறார் என்று நினைத்துக் கழுவி வைத்தேன். அந்த வாரம் அவர் தாடி கொஞ்சம் இளமையாகத்தான் இருந்தது.

மறுநாள் ஹரிப்ரியா வந்தாள். இடது புறங்கையில் மணிக்கட்டுவரை கொடியும் மயிலும் போட்டாள் ஜன்னா. கழுவியதும் கறுப்பு.

"எப்படிடி இவ்ளோ டார்க்கா வந்துச்சு?"

"டீத்தண்ணி கொஞ்சம் கெட்டியா வச்சேன்."

அந்தப் பொய் அவ்வளவு சின்னது.

வீடியோ இரண்டே நாளில் லட்சத்தைத் தாண்டியது. பள்ளியில் அதுவரை பேசாத மூன்றாம் பெஞ்சுக்காரர்கள்கூட வந்து பேசினார்கள். மதுராந்தகத்திலிருந்து சங்கரி என்ற கல்யாணப் பெண் போன் செய்தாள். அடுத்த மாதம் முகூர்த்தம், அதே கறுப்பு, அதே மயில் வேண்டும் என்றாள். ஜன்னாவுக்கு அதுதான் முதல் கல்யாண வேலை. வீட்டில் பாயசம் வைத்தார்கள், எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.

அதே வாரம் வியாழக்கிழமை டவுன்ஷிப் வீட்டில் ஹரிப்ரியா கையைச் சொறிந்துகொண்டே காலையில் எழுந்து வந்தாள். புறங்கை வீங்கி, கோடு போட்ட இடமெல்லாம் கொப்புளம். மயிலின் கழுத்து, கொடியின் சுருள் என்று அச்சு எடுத்தாற்போல எழும்பியிருந்தது. ரோகிணி பற்பசை தடவப் போனாள். தடுத்து, குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து அனுப்பினேன்.

செங்கல்பட்டில் தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கறுப்பு மருதாணியா என்பதுதான்.

"இல்ல டாக்டர். என் ஃப்ரெண்ட் வீட்டுச் செடி இலை. அவ கடைல வாங்கவே மாட்டா" என்று ஹரிப்ரியா அடித்துச் சொல்லியிருக்கிறாள்.

அவர் களிம்பும் மாத்திரையும் எழுதிக்கொடுத்து, எதற்கும் அந்த விழுதைக் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். ஹரிப்ரியா ஜன்னாவுக்கு எழுதிக் கேட்டாள். தீர்ந்துபோச்சு என்று பதில் வந்தது.

தினமும் கட்டு மாற்றுவது என் வேலையானது. பள்ளியில் யாரோ கட்டு விலகியிருந்தபோது படம் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டுவிட்டார்கள். பல்லித்தோல் என்று பெயர் வைத்தாயிற்று. இத்தனை நாள் அதே கைக்கு இதயம் போட்டவர்கள்தான். அவள் பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள். சோப்பை மாற்றினாள், பாலை நிறுத்தினாள், மீன் வேண்டாம் என்றாள்.

"சிஸ்டர், என் தோல்லயே ஏதோ கோளாறு இருக்கு. ஊர்ல எல்லாரும்தான் மருதாணி போடறாங்க. எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகணும்?"

"அது டாக்டர் சொல்ல வேண்டியது. கையை அசைக்காதே" என்றேன்.

இங்கே எங்கள் பின்கட்டில் ஜன்னா பேசுவதே இல்லை. அந்த வாய் மூடிக்கிடந்தது. போனை எடுப்பாள், எண் ஏறியிருக்கும், கவிழ்த்து வைப்பாள், திரும்ப எடுப்பாள். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோவாள். "பரீட்ச பயம்" என்றாள் ஜஹனாரா. பரீட்சை எதுவும் இல்லை.

ஒரு நாள் காலை நான் வேலைக்குக் கிளம்புகையில் என் அறை வாசலில் வந்து நின்றாள். போனை நீட்டினாள். ஹரிப்ரியாவிடமிருந்து வந்த செய்தி. என் தோல் மோசம்டி, உன் முதல் பெரிய டிசைன கெடுத்துட்டேன், சாரி, இனிமே நல்ல கை யாருதாவது பாத்துக்கோ என்று எழுதியிருந்தது.

படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"நர்ஸம்மா, நீங்க போறப்ப நானும் வரட்டா?"

"எதுக்கு?"

அவள் சொன்னாள். கிண்ணம், பொடி, டீத்தண்ணீர்ப் பொய், எல்லாம். ஈரக் கையோடு அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் ஜஹனாரா. அவள் அங்கே நின்றது எங்கள் இருவருக்கும் தெரியாது.

"கடைல தொங்கறதெல்லாம் கைல பூசறதுக்கா? எலி மருந்துகூடத்தான் கீது கடைல."

ஜன்னா தலையைக் குனிந்தாள்.

"ஒரு பொண்ணு கையே வெந்து கெடக்குது, நீ வூட்ல உக்காந்துகினு பாயசம் குடிச்சிகீற. இரு, புர்கா மாட்டிக்கினு வரேன்."

"வேணாம்மா. நீ வந்தா நீயே பேசிடுவ. நான் மட்டும் போறேன்."

ஜஹனாரா உள்ளே போய், கடையிலிருந்து அந்தச் சாயப் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள்.

"இதயும் எடுத்துக்கினு போ. டாக்டர் கேப்பாரு."

ஷேர் ஆட்டோவில் அவள் போனில் ஏதோ எழுதினாள், அழித்தாள். டவுன்ஷிப் கேட்டுக்கு முன்னால் இறங்கியபோது பையில் போட்டுவிட்டாள்.

வீட்டில் பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். ரோகிணி அலுவலகத்துக்குக் கிளம்பும் கணவனை அனுப்பிவிட்டுக் கதவடைக்க வந்தவள், ஜன்னாவைப் பார்த்துச் சிரித்தாள். "வாம்மா, இவள கொஞ்சம் சாப்பிடச் சொல்லு." ஹரிப்ரியா கட்டுப்போட்ட கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஜன்னா உட்காரவில்லை. பாக்கெட்டை மேசைமேல் வைத்தாள்.

"இதக் கலந்தேன். தலைக்கு அடிக்கிற சாயம். கறுப்பா வரணும்னு. உன் தோல்ல ஒண்ணும் இல்ல ஹரி. நான் பண்ணதுதான்."

ரோகிணிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "என்ன சொல்லுத நீ? சாயத்தையா? எம்புள்ள கையிலயா?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. பெற்றவள் பேசுவதையெல்லாம் பேசினாள். கேட்டது நியாயம்தான். நடுவில் பெரியவர், அவருக்குத் தெளிவாக வருகிற நாலைந்து சொற்களில் ஒன்றை எடுத்து, "காபி" என்றார். யாரும் அசையாததால் இன்னும் பலமாக, "காபி குடு" என்றார். ரோகிணி மூச்சு வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஹரிப்ரியா பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டாள்.

"அப்ப என் தோல் நல்லாத்தான் இருக்கா?"

"ஆமா."

அவள் முகத்தில் வந்தது சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. அது அடங்கிய பிறகுதான் கோபம் வந்தது.

"நான் சோப்ப மாத்தினேன். மீன் திங்கல. கண்ணாடியப் பாத்து என்னயே திட்டிக்கிட்டேன். நீ அங்க உக்காந்து வியூஸ் எண்ணிட்டிருந்தே."

"ஆமா" என்றாள் ஜன்னா மறுபடியும்.

"தீர்ந்துபோச்சுன்னு வேற சொன்னே."

ஜன்னா பாக்கெட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"போ. நான் உங்கிட்ட இப்ப பேச முடியாது."

அவள் போனாள். பெரியவருக்குப் பயிற்சி கொடுக்க உட்கார்ந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயிலில் நேராக நடந்துபோனாள்.

அன்றே ஜன்னா அந்த வீடியோவை நீக்கிவிட்டாள். மதுராந்தகத்துக்கும் அவளே போன் செய்து, கறுப்பு எப்படி வந்தது என்று சொன்னாள். மணப்பெண்ணின் அம்மா போனை வாங்கி ஒரு பாட்டம் திட்டிவிட்டு வைத்தாள். ஜஹனாரா பக்கத்திலேயே இருந்தாள், குறுக்கே வரவில்லை. மறுநாள் சங்கரியே கூப்பிட்டாள். வேறு யாராவது போட்டால் அவர்கள் எதைக் கலக்கிறார்கள் என்று தனக்குத் தெரியாது, நீயாவது சொன்னாய், இலையையே போடு என்றாள். கெட்டிக்காரப் பெண்.

ரோகிணி பாக்கெட்டோடு டாக்டரிடம் போய்வந்தாள். இது தெரிந்தது நல்லது என்றாராம் அவர். மருந்தை மாற்றினார். இந்தச் சாயம் இந்தப் பெண்ணுக்கு இனி எப்போதும் ஆகாது, எந்த டாக்டரிடம் போனாலும் சொல்ல வேண்டும், தடம் மறைய மாதக் கணக்காகலாம் என்றார். தெரியாமலே விட்டிருந்தால் என்றைக்காவது தலைக்கு அடித்து முகமே வீங்கியிருக்கும். ரோகிணி இதை என்னிடம் சொன்னபோது ஜன்னாவைத் திட்டவில்லை. பெயரையும் சொல்லவில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. ஜன்னா பள்ளியில் தனியாக உட்கார்ந்தாள். அவள்தான் காரணம் என்பது வெளியே வந்ததும் குழுவில் அவளுக்கும் ஒரு பெயர் கிடைத்தது. அதை இங்கே எழுதத் தேவையில்லை. ஆனால் அவள் சாப்பிட்டாள். நன்றாகத் தூங்கினாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட உடம்பு அப்படித்தான் இருக்கும்.

பிறகு ஹரிப்ரியாவே எழுதினாள். வீடியோவை ஏன் ஒண்ணும் சொல்லாம நீக்கினே, லட்சம் பேர் பார்த்தார்களே, அதைப் பார்த்து எத்தனை பேர் வீட்டில் கலக்கிக்கொண்டிருக்கிறார்களோ என்று கேட்டிருந்தாள். கடைசி வரி: நாளைக்கு வா, என் கைய வீடியோ எடு.

படம் பிடித்தபோது நானும் அங்கே இருந்தேன். கட்டைப் பிரித்தது நான்தான். கொப்புளம் ஆறி, மயில் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது.

"இந்தக் கைய ஊரெல்லாம் காட்டணுமாட்டி?" என்றாள் ரோகிணி.

"ஊரு ஏற்கெனவே பாத்துருச்சும்மா. இப்ப நான் காட்டறேன்."

ஜன்னா போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து பேசினாள். முகம் இல்லை, குரல் மட்டும். நான் ஜன்னா, இந்த மருதாணியப் போட்டது நான், இதுல தலைச்சாயம் கலந்தேன், அவகிட்ட சொல்லல. மூன்றாவது முறைதான் குரல் உடையாமல் வந்தது. "குரல் நடுங்கினதே இருக்கட்டுமே" என்றாள் ஜன்னா. "வேணாம், அழுமூஞ்சின்னு எழுதுவாங்க, விஷயத்தக் கேக்க மாட்டாங்க" என்றாள் ஹரிப்ரியா.

அது லட்சத்தைத் தொடவில்லை, பக்கத்தில்கூட வரவில்லை. பக்கத்தை விட்டுப் போனவர்கள் நிறையப் பேர். ஆனால் விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு பெண், அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கோன் அதே வாடை அடித்தது, தூக்கிப் போட்டுவிட்டோம் என்று எழுதினாள். இருவரும் அதைப் படித்தார்கள், திரும்பப் படித்தார்கள். பல்லித்தோல் பேச்சும் ஓய்ந்தது. சம்பந்தப்பட்டவளே கையைக் காட்டிவிட்ட பிறகு ஒளிந்து எடுத்த படத்துக்கு மதிப்பேது. திங்கட்கிழமை ஹரிப்ரியா பள்ளிக்குப் போனாள். பழைய பெஞ்சில் உட்காரவில்லை, அதற்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். மறுவாரம் பின்னால் வந்தாள்.

மதுராந்தகம் போகிற நாள் எனக்கு விடுமுறை. இரண்டு பெண்களைத் தனியே அனுப்ப மாட்டேன் என்று ஜஹனாரா சொன்னதால் நானும் போனேன். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே போட வேண்டும் என்று ஜன்னா கறாராகச் சொல்லியிருந்தாள். ஏரிக்கரைப் பக்கம் வீடு. காலையில் உட்கார்ந்து பிற்பகல்வரை போட்டாள். ஹரிப்ரியா பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு விழுது காய்ந்து உதிராமலிருக்க எலுமிச்சைச் சர்க்கரைத் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றினாள்.

உலர்ந்ததை உதிர்த்ததும் மணப்பெண்ணின் அத்தை அமிர்தவல்லி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாமே இது, மஞ்சத்தண்ணி மாதிரி கீது. கருப்பா வரும்னு சொல்லிகினு இருந்தாங்க."

"இப்ப இப்படித்தான் இருக்கும். தண்ணி படாம வச்சிக்கினா நாளன்னிக்கு செவக்கும்" என்றாள் ஜன்னா.

"நாளன்னிக்கு செவந்து இன்னா, நலங்கு நாளைக்கு. வர்றவங்க இன்னா சொல்வாங்க? அந்தக் கருப்புப் பொடி ஒரு சிட்டிக போட்டா கொறஞ்சா போய்டுவ?"

ஜன்னா வாயைத் திறப்பதற்குள் ஹரிப்ரியா கையுறையைக் கழற்றினாள். புறங்கையை அத்தையின் கண்ணாடிக்கு நேராக நீட்டினாள்.

"ஒரு சிட்டிக போட்டது இது. போடட்டுமா?"

அமிர்தவல்லி பார்த்தாள். சங்கரி பார்த்தாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அய்யய்ய, வேணாம்மா. மஞ்சளாவே இருக்கட்டும்" என்றாள் அத்தை. பிறகு, "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டாள்.

"இப்ப இல்ல."

"யாரு இந்தப் பாவத்தப் பண்ணது?"

ஹரிப்ரியா ஜன்னாவைப் பார்த்தாள். ஜன்னா, "நான்தான்" என்றாள். அத்தை அதோடு விட்டுவிட்டு எங்களைச் சாப்பிட உட்காரச் சொன்னாள். சாம்பார் நன்றாக இருந்தது.

ரயில் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இருவரும் என்னை மறந்துவிட்டுப் பேசினார்கள்.

"இனிமே நீ கலக்கறப்ப நான் இருப்பேன்" என்றாள் ஹரிப்ரியா.

"இரு."

"என்ன போடறேன்னு சொல்லிட்டுத்தான் போடணும். எனக்கு மட்டும் இல்ல, யாரு கைன்னாலும்."

"சரின்றேன்ல."

"நீ சரின்னா உடனே நம்பணுமா? கொஞ்ச நாளாகும்."

"ஆவட்டும்" என்றாள் ஜன்னா. "நான் எங்கயும் போவல."

செங்கல்பட்டு ரயில் வந்தது. ஜன்னலோர இடத்துக்கு இருவரும் முட்டிக்கொண்டு ஓடினார்கள். ஹரிப்ரியா பிடித்துவிட்டாள்.